எத்தனை தேடலுக்குப் பிறகு இந்த விடை?



ஒரு மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். மனித விருப்பு வெறுப்புக்கு இடமில்லாமல், கணினி விதிப்படியே பங்குகளைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று சொல்லும் ஃபண்டுகள் இப்போது நிறைய வந்துவிட்டன. பக்கத்தில் ஒரு கோடு மேலே ஏறிக்கொண்டே போகும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு லட்சம் போட்டிருந்தால் இன்று இவ்வளவு ஆகியிருக்கும் என்று கீழே எழுதியிருக்கும். பல விளம்பரங்களில் அந்தக் கோட்டின் பெரும்பகுதி, அந்த ஃபண்டே பிறக்காத காலத்தைச் சேர்ந்தது. பழைய விலைகளைக் கணினியில் ஏற்றி, இந்த விதியை அன்றைக்கே பின்பற்றியிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று ஓட்டிப் பார்த்து வரைந்தது. தொழிலில் இருப்பவர்கள் இதை பேக்டெஸ்ட் என்பார்கள்.

இந்தக் கோடுகளை வரைபவர்கள் இரண்டு இடங்களில் இருக்கிறார்கள். ஒரு சாரார் பல்கலைக்கழகங்களில் சொத்து விலை நிர்ணயம் என்ற துறையில் ஆய்வு செய்யும் பேராசிரியர்கள். மறு சாரார் ஹெட்ஜ் ஃபண்டுகளிலும் முதலீட்டு நிறுவனங்களிலும் அதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்யும் 'குவான்ட்' ஆய்வாளர்கள். பெரும்பாலும் ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள், ஒரே தரவைப் புரட்டுபவர்கள். முதல் சாரார் கண்டுபிடித்ததை வெளியிட்டால்தான் வேலை நிலைக்கும். இரண்டாம் சாரார் கண்டுபிடித்ததை மறைத்தால்தான் வேலை நிலைக்கும். இரு தரப்புமே பொதுவாகச் சொல்லாத ஒன்று உண்டு: இந்த விடை கிடைப்பதற்கு முன் எத்தனை முறை தேடினார்கள் என்பது. இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

நிதிக் கணிதம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும், ஆப்ஷன்களுக்கு விலை கணக்கிடும் கணிதம் தனிக் கதை. 1900-இல் பாரிஸில் லூயி பஷலியே எழுதிய ஆய்வேட்டில் தொடங்கி, 1973-இல் ஃபிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ், ராபர்ட் மெர்ட்டன் ஆகியோரிடம் சமன்பாடாக வந்து சேர்ந்த பாதை அது. அதற்குத் துணைநிற்கும் நிகழ்தகவுக் கோட்பாட்டில், நம் சென்னையில் பிறந்து மாநிலக் கல்லூரியில் படித்த எஸ்.ஆர். சீனிவாச வரதன், டேனியல் ஸ்ட்ரூக்குடன் சேர்ந்து செய்த பணிக்கு முக்கியமான இடம் உண்டு. அந்தப் பக்கம் இன்று போகப்போவதில்லை. எந்தப் பங்கு எவ்வளவு வருவாய் தரும், ஏன் தரும் என்ற கேள்வியோடு நின்றுகொள்கிறேன்.

1950-களின் இறுதியில் அமெரிக்காவில் மெரில் லிஞ்ச் என்ற தரகு நிறுவனத்துக்கு ஒரு தேவை வந்தது. சாதாரணக் குடும்பங்களைப் பங்கு வாங்க அழைக்க வேண்டும். நீண்ட காலம் வைத்திருந்தால் சராசரியாக என்ன கிடைக்கும் என்று விளம்பரத்தில் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கேள்விக்கு அன்று எவரிடமும் நம்பத்தகுந்த விடை இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் லோரியை அணுகினார்கள். லோரியும் லாரன்ஸ் ஃபிஷரும் 1960-இல் பங்கு விலை ஆய்வுக்கென ஒரு மையத்தை அங்கே தொடங்கினார்கள். பணம் மெரில் லிஞ்ச் கொடுத்தது. ஆங்கிலத் தலைப்பெழுத்துகளைச் சேர்த்து 'கிரிஸ்ப்' என்று இன்றும் அழைக்கப்படும் மையம் அதுதான்.

அவர்கள் செய்த வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1926 ஜனவரி முதல் 1960 டிசம்பர் வரை நியூயார்க் பங்குச்சந்தையில் இருந்த சாதாரணப் பங்குகள் அனைத்துக்கும் மாத இறுதி விலையைத் திரட்டினார்கள். விலை மட்டும் போதாது. டிவிடெண்ட் எவ்வளவு, எந்தத் தேதியில்? பங்கைப் பிரித்தார்களா, உரிமைப் பங்கு கொடுத்தார்களா, வேறு நிறுவனத்தோடு இணைத்தார்களா? ஒரு பங்கு இரண்டாகப் பிரிந்த மாதத்தில் விலை பாதியாகும். அதைத் திருத்தாமல் விட்டால் கணினி அதை ஐம்பது சதவீத நஷ்டம் என்று எடுத்துக்கொள்ளும். இப்படி ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் காந்த நாடாவில் ஏற்றினார்கள். 1964-இல் விடை வெளியானது: ஆண்டுக்குச் சுமார் 9 சதவீதம். தொழில் கேட்ட கேள்விக்குப் பல்கலைக்கழகம் உழைத்து, எல்லோரும் படிக்கும்படி விடை சொன்னது. அந்த நாடா பிற பல்கலைக்கழகங்களுக்கும் போனது. இந்தத் துறை அதற்குப் பிறகுதான் வளர்ந்தது. யூஜின் ஃபாமா சிகாகோவில் சந்தையின் திறனைப் பற்றி, அதாவது கிடைக்கும் தகவலை விலை உடனே உள்வாங்கிக்கொள்கிறது என்பதைப் பற்றி, எழுதியதும், ஒரு பங்கு சந்தையோடு எவ்வளவு ஆடுகிறதோ அதற்கேற்பவே அதன் வருவாய் என்று வில்லியம் ஷார்ப் 1964-இல் முன்வைத்த பீட்டா கோட்பாட்டைப் பிறகு வந்தவர்கள் சோதித்ததும் இப்படிப்பட்ட தரவை வைத்துத்தான்.

அந்த உழைப்பிலும் ஓட்டை இருந்தது. 1997-இல் டைலர் ஷம்வே என்ற ஆய்வாளர் அதைச் சுட்டிக்காட்டினார். ஒரு நிறுவனம் நொடித்துப்போய்ப் பட்டியலிலிருந்து நீக்கப்படும்போது, அதன் பங்கை வைத்திருந்தவர் கடைசியாக என்ன பெற்றார் என்ற தகவல் பல நிறுவனங்களுக்குத் தரவில் விடுபட்டிருந்தது. கட்டம் காலியாக இருந்தால் கணினி அந்த மாதத்தைத் தாண்டிப் போய்விடும். முதலீட்டாளரோ தாண்டிப் போக முடியாது. அவருடைய பணம் அங்கே மாட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காலிக் கட்டத்தில் சராசரியாக 30 சதவீத நஷ்டத்தை இட வேண்டும் என்று ஷம்வே கணக்கிட்டார். நாஸ்டாக் சந்தைக்கு அது 55 சதவீதம் என்று 1999-இல் வின்சென்ட் வார்தருடன் சேர்ந்து எழுதினார். அப்படித் திருத்தியதும், சிறு நிறுவனப் பங்குகள் கூடுதல் லாபம் தருகின்றன என்ற புகழ்பெற்ற முடிவு நாஸ்டாக்கில் மறைந்தே போயிற்று. இத்தனைக்கும் 1981-இல் ரால்ஃப் பான்ஸ் நியூயார்க் சந்தையில் கண்டு சொன்ன முடிவு அது. அதை நம்பி அதே ஆண்டில் டைமென்ஷனல் ஃபண்ட் அட்வைஸர்ஸ் என்ற நிறுவனமே தொடங்கப்பட்டது. செத்த நிறுவனங்களின் கடைசி வரியை எழுதாமல் விட்டால் உயிரோடு இருப்பவர்களின் கணக்கு எவ்வளவு அழகாகிவிடுகிறது பாருங்கள்.

ஃபாமாவும் கென்னத் ஃபிரெஞ்சும் 1992-இலும் 1993-இலும் எழுதிய கட்டுரைகளில் ஒரு சிறிய ஒழுங்கு உண்டு. நிறுவனத்தின் கணக்கு ஆண்டு டிசம்பரில் முடிந்தாலும், அந்தக் கணக்கை வைத்துப் பங்குகளைப் பிரிப்பதை அடுத்த ஜூலை வரை தள்ளிவைத்தார்கள். டிசம்பர் 31 அன்று எந்த முதலீட்டாளர் கையிலும் அந்த ஆண்டறிக்கை இருந்திருக்காது என்பதுதான் காரணம். பேக்டெஸ்டில் பொய் நுழைகிற வாசல்களில் இது முக்கியமானது: அன்று தெரிந்திருக்க முடியாததை இன்று தெரிந்துகொண்டு அன்றைய தேதியில் வாங்குவது. என்னிடம் யாராவது ஒரு பேக்டெஸ்டைக் கொண்டுவந்தால் நான் முதலில் பார்ப்பது லாபக் கோட்டை அல்ல, கணக்கு எந்தத் தேதியில் கைக்கு வந்ததாக எடுத்துக்கொண்டார்கள் என்பதைத்தான்.

இனி, வெளியிடுவதும் மறைப்பதும். மொமென்டம் என்ற உத்தியை எடுத்துக்கொள்வோம். நரசிம்மன் ஜெகதீஷும் ஷெரிடன் டிட்மனும் 1993-இல் எழுதிய கட்டுரை. 1965 முதல் 1989 வரையிலான அமெரிக்கப் பங்குகள். செய்முறையை ஒரு கல்லூரி மாணவர் ஒரே நாளில் புரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு மாத இறுதியிலும் பங்குகளைக் கடந்த ஆறு மாத ஏற்ற இறக்கப்படி வரிசைப்படுத்துங்கள். பத்துக் கூறாகப் பிரியுங்கள். அதிகம் ஏறிய கூறை வாங்குங்கள். அதிகம் இறங்கிய கூறை, கையில் இல்லாமலே கடன் வாங்கி விற்றுவிடுங்கள். ஆறு மாதம் வைத்திருங்கள். இந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் ஆண்டுக்குச் சுமார் 12 சதவீதமாக இருந்தது. பழைய விலைகளை வைத்து எதிர்கால லாபத்தைக் கணிக்க முடியாது என்று நம்பியவர்களுக்கு இது பெரும் சங்கடம்.

அதே காலத்தில் சிகாகோவில் ஃபாமாவிடம் ஆய்வு மாணவராக இருந்த கிளிஃப் ஆஸ்னஸ் இதே பொருளில் ஆய்வேடு எழுத விரும்பினார். சந்தைத் திறன் கோட்பாட்டின் ஆசானிடம் போய் அதற்கு முரணான ஒன்றைச் சொல்ல வேண்டும். தரவில் அது இருக்கிறதென்றால் எழுது என்று ஃபாமா சொன்னதாக ஆஸ்னஸே நினைவுகூர்ந்திருக்கிறார். ஓர் ஆசிரியரைப் பற்றி இதைவிட உயர்வாக என்ன சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆஸ்னஸ் பிறகு கோல்ட்மன் சாக்ஸுக்குப் போய், 1998-இல் நண்பர்களுடன் ஏ.கியூ.ஆர். என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். வகுப்பறையில் பிறந்த விதி கோடிக்கணக்கான டாலரை நிர்வகிக்கப் போனது.

ஜெகதீஷும் டிட்மனும் அதோடு விட்டுவிடவில்லை. 2001-இல் திரும்பி வந்து, தங்கள் பழைய கட்டுரை பார்த்திராத 1990-களின் தரவில் அதே விதியை ஓட்டினார்கள். பலன் அங்கேயும் இருந்தது. தாங்கள் சொன்னதைப் புதிய தரவில் தாங்களே சோதித்துப் பார்க்கும் இந்த வழக்கம் எனக்கு மிகவும் மதிப்புக்குரியது. அதே சமயம், 2009 மார்ச் முதல் மே வரையிலான மூன்று மாதங்களையும் சொல்ல வேண்டும். அமெரிக்கச் சந்தை அடிமட்டத்திலிருந்து எழுந்தபோது, அதுவரை அதிகம் விழுந்திருந்த கூறு 163 சதவீதம் ஏறியது. அதிகம் ஏறியிருந்த கூறு 8 சதவீதம்தான் ஏறியது. முதல் கூறை விற்று இரண்டாவதை வாங்கியவரின் கதி என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். கென்ட் டேனியலும் டோபியாஸ் மாஸ்கோவிட்ஸும் 2016-இல் இதை விரிவாக எழுதினார்கள். விளம்பரத்தில் ஆண்டுச் சராசரி இருக்கும். இந்த மூன்று மாதம் இருக்காது.

மறைப்பவர்களைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். ஜிம் சைமன்ஸ் தலைசிறந்த வடிவியல் அறிஞர். அவர் தொடங்கிய ரினைசான்ஸ் டெக்னாலஜீஸின் மெடாலியன் ஃபண்ட் பல பத்தாண்டுகளாகப் பெற்ற வருவாய்க்கு ஈடு சொல்வது கடினம். எப்படிச் செய்தார்கள் என்பதை அவர்கள் எழுதவில்லை. எழுத வேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை. தவறான விதிக்குத் தங்கள் சொந்தப் பணத்தால் விலை கொடுப்பவர்கள் அவர்கள். அந்தத் தண்டனை பேராசிரியருக்கு இல்லை. ஃபிஷர் பிளாக் 1984-இல் எம்.ஐ.டி.யை விட்டு கோல்ட்மன் சாக்ஸுக்குப் போன பிறகு, சார்ல்ஸ் நதிக்கரையிலிருந்து பார்த்த சந்தைக்கும் ஹட்சன் நதிக்கரையிலிருந்து பார்க்கும் சந்தைக்கும் வித்தியாசம் தெரிகிறது என்ற பொருளில் பேசினார். பல்கலைக்கழகத்தில் திறன்மிக்கதாகத் தெரிந்த சந்தை, வர்த்தக மேசையில் அப்படித் தெரியவில்லை.

பிளாக்கின் ஒரு யோசனை இந்த இரு கரைகளுக்கும் இடையே நாற்பது ஆண்டு நடந்தது. 1972-இல் பிளாக், மைக்கேல் ஜென்சன், ஷோல்ஸ் மூவரும், குறைந்த பீட்டா உள்ள, அதாவது சந்தையோடு அதிகம் ஆடாத பங்குகள், கோட்பாடு சொன்னதைவிட அதிக வருவாய் தந்திருப்பதைக் காட்டினார்கள். அந்த ஆய்வுக்கு வெல்ஸ் ஃபார்கோ வங்கியின் ஆதரவு இருந்தது. அப்படிப்பட்ட பங்குகளைக் கடன் வாங்கி வாங்கும் ஒரு ஃபண்டை அங்கே தொடங்கலாம் என்ற திட்டம் கைகூடவில்லை. 2014-இல் ஆந்திரியா ஃபிராஸினியும் லாஸ்ஸே பெடர்சனும் அதே யோசனைக்குப் புதிய வடிவம் கொடுத்துக் கட்டுரை எழுதினார்கள். இருவரும் ஏ.கியூ.ஆர். நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். 2022-இல் ராபர்ட் நோவி-மார்க்ஸும் மிகைல் வெலிகோவும் அதற்கு மறுப்பு எழுதினார்கள்: அந்த லாபத்தில் பெரும்பங்கு, மிகச் சிறிய பங்குகளுக்கு அளவுக்கு மீறி எடை கொடுத்த கணக்குமுறையால் வந்தது என்று. வெளியிட்டதால்தான் மறுக்க முடிந்தது. அலமாரிக்குள் இருந்திருந்தால் யார் மறுப்பார்கள்?

இப்போது மையமான கணக்குக்கு வருகிறேன். முற்றிலும் பயனற்ற நூறு விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனப் பெயரின் முதல் எழுத்தை வைத்துப் பங்கு வாங்குவது போன்றவை. புள்ளியியலில் வழக்கமான ஐந்து சதவீத எல்லையை வைத்துச் சோதித்தால், சராசரியாக ஐந்து விதிகள் 'வேலை செய்கின்றன' என்று தேறிவிடும். அந்த ஐந்தை மட்டும் கட்டுரையாக எழுதி, மிச்சம் தொண்ணூற்றைந்தைக் குப்பையில் போட்டால், படிப்பவருக்கு ஐந்து கண்டுபிடிப்புகள் தெரியும். கேம்ப்பெல் ஹார்வி, யான் லியு, ஹெச்சிங் ஜூ மூவரும் 2016-இல் இந்த ஒளிந்திருக்கும் தொண்ணூற்றைந்தைக் கணக்கில் சேர்க்க முயன்றார்கள். ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து 316 காரணிகளை, அதாவது பங்கு வருவாயை விளக்குவதாக முன்வைக்கப்பட்ட அளவுகளை, பட்டியலிட்டார்கள். இத்தனை பேர் இத்தனை முறை தேடிய தரவில், விடை தற்செயலாக இருக்க வாய்ப்பு எவ்வளவு குறைவு என்று காட்டும் டி-மதிப்பு இரண்டைத் தாண்டினால் போதும் என்ற பழைய வழக்கம் செல்லாது. மூன்றையாவது தாண்ட வேண்டும் என்றார்கள். அதற்கு ஐந்தாண்டு முன்பே ஜான் காக்ரன், அமெரிக்க நிதியியல் சங்கத்தின் தலைமையுரையில், காரணிகள் மிருகக்காட்சிசாலை போலப் பெருகிவிட்டன என்று சொல்லியிருந்தார்.

டேவிட் மெக்லீனும் ஜெஃப்ரி பான்டிஃபும் வேறு வழியில் போனார்கள். ஏற்கெனவே அச்சான 97 விதிகளை எடுத்து, மூலக் கட்டுரையின் தரவு முடிந்த தேதிக்குப் பிறகு என்ன ஆனது என்று பார்த்தார்கள். தரவு முடிந்து கட்டுரை அச்சாவதற்கு முன்னான காலத்தில் லாபம் 26 சதவீதம் குறைந்திருந்தது. அச்சான பிறகு 58 சதவீதம் குறைந்திருந்தது. முதல் குறைவை அதிகபட்சமாகத் தற்செயலின் பங்கு என்று கொள்ளலாம். மிச்சம், கட்டுரையைப் படித்துவிட்டுச் சந்தைக்குள் பணம் போட்டவர்களின் வேலை என்பது அவர்கள் வாதம். இயற்பியலில் ஒரு விதியை அச்சிட்டால் அந்த விதி மாறாது. இந்தத் துறையில் அச்சிடுவதே விதியைத் தேய்க்கிறது.

கெவெய் ஹோ, சென் ஷுவே, லு ஜாங் மூவரும் 2020-இல் 452 விதிகளைத் திரும்பச் சோதித்தார்கள். 65 சதவீதம் பழைய எளிய எல்லையைக்கூடத் தாண்டவில்லை. காரணம் கவனிக்கத்தக்கது. அமெரிக்கச் சந்தையில் எண்ணிக்கையில் சுமார் 60 சதவீதப் பங்குகள் மிகச் சிறிய நிறுவனங்களுடையவை. மொத்தச் சந்தை மதிப்பில் அவற்றின் பங்கு சுமார் 3 சதவீதம்தான். எல்லாப் பங்குக்கும் சம எடை கொடுத்தால், பெரிய பணம் நுழையவே முடியாத ஒரு மூலையில்தான் லாபம் தெரியும். இதற்கு எதிர்த்தரப்பில் தைஸ் ஜென்சன், பிரையன் கெல்லி, பெடர்சன் மூவரும் 2023-இல் 93 நாடுகளின் தரவை வைத்து, பெரும்பாலான காரணிகள் நிற்கவே செய்கின்றன என்று வாதிட்டார்கள். இரண்டில் எது சரி என்று கேட்பீர்கள். மதிப்பு, மொமென்டம், லாபத்திறன் போன்ற சில குடும்பங்கள் உண்மையானவை. நூற்றுக்கணக்கான தனிப்பெயர்கள் அவற்றின் வேடங்களே என்பது என் முடிவு. ஆனால் இந்தச் சண்டை நடந்த விதம் எனக்கு நம்பிக்கை தருகிறது. ஜென்சன் தரப்பு தங்கள் கணினி நிரலையே பொதுவில் வைத்தது. ஆண்ட்ரூ சென், டாம் ஸிம்மர்மன் இருவரும் இருநூறுக்கும் மேற்பட்ட விதிகளுக்கு நிரலையும் விளைவையும் எவரும் எடுத்துக்கொள்ளும்படி கொடுத்திருக்கிறார்கள். கென்னத் ஃபிரெஞ்ச் தன் காரணித் தரவைப் பல ஆண்டுகளாக இலவசமாகவே தந்துவருகிறார்.

எல்லோரும் ஒரே கட்டுரைகளைப் படித்து ஒரே பங்குகளை வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதை 2007 ஆகஸ்ட் இரண்டாம் வாரம் காட்டியது. சந்தைக் குறியீடுகள் பெரிதாக ஆடவில்லை. ஆனால் குவான்ட் ஃபண்டுகள் கடும் நஷ்டத்தில் இருந்தன. அமீர் கண்டானியும் ஆண்ட்ரூ லோவும் பழைய கட்டுரையில் இருந்த ஓர் எளிய உத்தியை அந்த நாட்களின் விலையில் ஓட்டினார்கள். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளில் அது சுமார் 7 சதவீதம் இழந்தது. வெள்ளியன்று பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றது. யாரோ ஒருவர் அவசரமாகப் பெரும் பங்குத் தொகுப்பை விற்றிருக்க வேண்டும். அதே பங்குகளை வைத்திருந்தவர்கள் கடனுக்கு அஞ்சி விற்க, விலை மேலும் சரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் ஊகம். வியாழனன்று விற்றுவிட்டவருக்கு வெள்ளிக்கிழமை கிடைக்கவில்லை.

நம் நாட்டுக்கு வருகிறேன். இங்கே நிஃப்டி 200 மொமென்டம் 30 என்ற குறியீடு 2020-இல் அறிமுகமானது. அதன் அட்டவணை 2005 ஏப்ரலிலிருந்து தொடங்குகிறது. முதல் பதினைந்து ஆண்டு, பின்னோக்கிக் கணக்கிட்டது. இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை; விதிகளை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். வாங்குபவர்தான் 2020-க்கு முன்னும் பின்னும் ஒரு கோடு கிழித்து இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். இன்னொரு பக்கம், 2024 செப்டம்பரில் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அந்த ஆய்வின்படி, அந்தச் சந்தையில் வெளிநாட்டு நிறுவனங்களும் சொந்தக் கணக்கில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்களும் 2023-24-இல் பெற்ற லாபத்தில் மிகப் பெரும்பகுதி அல்காரிதம் வழியாக வந்தது. நம் பிள்ளைகள் செல்போனில் வர்த்தகம் செய்யும்போது எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. இதை நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அகமதாபாத் ஐ.ஐ.எம். இந்தியப் பங்குகளுக்கான காரணித் தரவைத் தொகுத்து இலவசமாக வெளியிடுகிறது. இங்குள்ள மாணவர்கள் அதை எடுத்து ஜெகதீஷ், டிட்மன் செய்ததை இந்தியாவுக்குச் செய்து பாருங்கள். ஒரு நோட்டில், ஓட்டிய ஒவ்வொரு சோதனையையும் தேதி போட்டு எழுதுங்கள், தோற்றவற்றையும் சேர்த்து. வழிகாட்டும் பேராசிரியர்கள் ஆய்வேட்டோடு அந்த நோட்டையும் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொரு வேலை நம் ஊரிலேயே காத்திருக்கிறது. 1937-இல் அமைந்த சென்னைப் பங்குச்சந்தை 2015-இல் மூடப்பட்டது. அதில் மட்டுமே பட்டியலில் இருந்த நிறுவனங்களும் உண்டு. மும்பைத் தரவை மட்டும் வைத்துச் செய்யும் எந்த பேக்டெஸ்டுக்கும் அவை கண்ணில் படாது. பழைய விலைப்பட்டியல்களையும் சென்னை நாளிதழ்களின் வணிகப் பக்கங்களையும் கொண்டு, ஒரு பொருளியல் துறையும் ஒரு கணினித் துறையும் சேர்ந்து சிகாகோவில் லோரியும் ஃபிஷரும் செய்ததை இங்கே செய்யலாம். மாத இறுதி விலை, டிவிடெண்ட், போனஸ், உரிமைப் பங்கு, பட்டியலிலிருந்து நீங்கிய தேதி, கடைசியாகக் கைக்கு வந்த தொகை. கடைசித் தொகை கிடைக்காத நிறுவனத்துக்கும் ஒரு வரி ஒதுக்கி, அந்தக் கட்டத்தில் கிடைக்கவில்லை என்றே எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடுங்கள்.